பெயிண்ட் என்னோடது

அந்த விமானத்தை இன்றைக்கு யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஒரு சக்கரம் இல்லை. வால் பக்கம் வெளுத்து வெடித்திருக்கிறது. நீலம் முன்பிருந்த நீலமாக இல்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது புடவைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்தேன். சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமானை இவ்வளவு பத்திரமாக யாராவது வைத்திருப்பார்களா என்று என் கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். அது விளையாட்டுச் சாமான் இல்லை, ஒரு வழக்கில் நான் ஜெயித்துக் கொண்டுவந்த சொத்து.

என் மாமா, அதாவது அம்மாவின் கடைசித் தம்பி, அப்போது சென்னையில் ஒரு வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜீப் ஏறி வந்து இறங்கி, பிறகு கொஞ்சம் நடக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. சாமையும் கேழ்வரகும் போட்டு, புளி உலுக்கி விற்று வாழ்கிற ஊர். அங்கிருந்து மாதச் சம்பளத்துக்குப் போனவர்கள் அதிகம் இல்லை. அதனால் மாமா பொங்கலுக்கு வந்தால் அவரைவிட அவர் கொண்டுவரும் பைக்கு மதிப்பு அதிகம். அந்தச் சென்னை வீட்டில் வேண்டாம் என்று ஆனதெல்லாம் அந்தப் பையில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து வேண்டும் என்று ஆகிவிடும். கைப்பிடி இல்லாத மிக்ஸி ஜார், பாதி தேய்ந்த கலர்ப் பென்சில்கள், ஜிப் ஓடாத ஸ்கூல் பை, எங்கள் அப்பாவுக்கு இரண்டு ஆள் போடக்கூடிய சட்டை.

ஒரு பொங்கலுக்கு ஓர் அட்டைப் பெட்டி வந்தது. மூடியின் மேல் பச்சையும் பழுப்புமாக ஒரு போர் விமானம், புகைக்கு நடுவில் சுட்டுக்கொண்டே பறந்தது. மாமா அதை என் தம்பியிடம் கொடுத்தார். எனக்கு ஒரு ஹேர் கிளிப். அதில் ஒரு பல் இல்லை.

தம்பி பெட்டியைத் திறந்தான். உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் சில சட்டங்கள். அந்தச் சட்டங்களில் இறக்கை, சக்கரம், விசிறி எல்லாம் கொத்துப் புளியங்காய் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது ஒடஞ்சி கீது மாமா" என்றான் தம்பி.

"ஒடயலடா. நாமதான் ஒட்டணும். அந்த வூட்டுப் பையன் பாதி ஒட்டிட்டு வுட்டுட்டான். பரண் சுத்தம் பண்ணச்சொல்ல மேடம் கடாசச் சொன்னாங்க. எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். எடுத்துக்கோன்னாங்க."

நாமே ஒட்ட வேண்டும் என்பதைக் கேட்டதும் தம்பிக்கு விமானத்தின் மேல் இருந்த பற்று விட்டுப்போயிற்று. பொன்வண்டு வளர்ப்பதற்குப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை எல்லாம் தரையில் கொட்டிவிட்டுப் போனான். கொட்டியதை நான் பொறுக்கிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. பின்னால் நடந்த வழக்கில் இது முக்கியமான விஷயம்.

அந்தச் சென்னைப் பையன் உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, ஒரு பக்கத்து இறக்கையையும் பொருத்தியிருந்தான். பசை வழிந்து மூக்கொழுகின மாதிரி இருந்தது. கூடவே ஒரு தாள். அதில் எழுதியிருந்த இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, ஆனால் எந்த உறுப்பு எங்கே போகும் என்று படம் போட்டிருந்தது. பெட்டிக்கடையில் விற்கும் பசை வாங்கி மிச்சத்தை நான் ஒட்டினேன். அது பிளாஸ்டிக்கை ஒட்டுவதற்கு முன் விரலை ஒட்டிவிடும். வால் துண்டு ஒட்டிய விரலோடு ஒரு நாள் பள்ளிக்கூடம் போய் மத்தியானம் வரை இடது கையால் எழுதினேன்.

ஒட்டி முடித்ததும் விமானம் விமானமாகத்தான் இருந்தது. ஆனால் நிறம் சாம்பல். செத்துப்போன மீன் மாதிரி.

எங்கள் வீட்டில் பெயிண்ட் இருந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் காளைகளின் கொம்புக்கு அடித்தது போக மிச்சம். எங்கள் காளைகளுக்கு அப்பா எப்போதும் கொம்பில் நீலமும் நுனியில் சிவப்பும்தான் அடிப்பார். அந்தச் சின்ன டப்பாக்கள் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்தன. மூடியைத் திறந்தால் பெயிண்டின் மேல் தோல் கட்டியிருந்தது. குச்சியால் தோலைக் குத்தி விலக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிரஷ்ஷை உள்ளே விட்டு, அப்படியே எடுத்து இறக்கையில் அப்பினேன்.

கேழ்வரகுக் களியைப் பூசினது போல் ஆகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. அந்த விமானத்தின் உடம்பு முழுக்க மெல்லிய கோடுகள் உண்டு. தகடுகள் சேருகிற இடமெல்லாம் ஒரு கோடு, கோட்டை ஒட்டி ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள். கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும், நகத்தால் தடவினால் சொரசொரக்கும். அந்தக் கோடுகளுக்காகத்தான் எனக்கு அந்த விமானத்தைப் பிடித்தது. யாரோ ஒருவர் இவ்வளவு சின்னதில் இவ்வளவையும் போட்டிருக்கிறாரே என்று. என் களி அதையெல்லாம் மூடிவிட்டது.

அழித்தே தீருவது என்று அப்பாவின் மொபெட்டுக்கு வாங்கி வைத்திருந்த பெட்ரோல் பாட்டிலை எடுத்தேன். துணியை நனைத்துத் துடைத்தேன். பெயிண்ட் போயிற்று. கூடவே பிளாஸ்டிக்கும் இளக ஆரம்பித்தது. வால் பக்கம் வெள்ளையாகப் பூத்து, வற்றிப்போன ஏரித் தரை மாதிரி வெடித்தது. பிடித்திருந்த கட்டைவிரலின் ரேகை அப்படியே பதிந்துபோனது. மற்ற இடத்தையெல்லாம் சோப்பு நீரில் ஊறவைத்து, மூங்கில் சிலும்பால் கோடு கோடாகச் சுரண்டித்தான் மீட்டேன்.

அடுத்து கிருஷ்ணாயில். விளக்குக்கு ஊற்றும் எண்ணெயைப் பெயிண்டில் கலந்தால் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் காயவே இல்லை. இன்று காயும் நாளை காயும் என்று வைத்துப் பார்த்தால், ஓர் எறும்பு, கோழி இறகுத் துணுக்கு, எங்கிருந்தோ வந்த சாமை உமி எல்லாம் இறக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தன. மறுபடியும் சுரண்டல்.

"வுட்டுத் தொலையேன்டி" என்றாள் அம்மா. நான் விடவில்லை. அப்போதுதான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒழுகிய பெயிண்டை நகத்தால் சுரண்டினால், பொடி எழுத்தில் தமிழிலேயே எழுதியிருந்தது, டர்பன்டைன் கலக்கவும் என்று. இவ்வளவு நாளும் அது என் கையிலேயே இருந்திருக்கிறது.

அப்பா மலைக்குக் கீழே சந்தவாசலுக்கு மாவு அரைக்கப் போகும்போது, டர்பன்டாயில் வாங்கி வரச் சொன்னேன்.

"எதுக்கு பாப்பா?"

"கொம்புக்கு."

"கொம்புக்கு இப்ப இன்னாத்துக்கு? பொங்கல் முடிஞ்சி போச்சே."

"அடுத்த பொங்கலுக்கு."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாயங்காலம் ஒரு குவாட்டர் பாட்டிலில் அது வந்து சேர்ந்தது.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. பெயிண்டைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன், தோல் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாட்டில் மூடியில் ஊற்றி, துடைப்பக் குச்சியால் சொட்டுச் சொட்டாக டர்பன்டைன் சேர்த்தேன். அதிகமானால் இறக்கை நடுவில் நிற்காமல் வழிந்து ஓரத்தில் போய்த் தேங்கும். குறைந்தால் பிரஷ் இழுத்த தடம் அப்படியே நிற்கும். பால் பதமும் இல்லை, தயிர் பதமும் இல்லை. கடைந்த மோர். மூடியைச் சாய்த்தால் மோர் டம்ளரில் இறங்குகிற மாதிரி இறங்கி, பின்னால் மெல்லிசாக நிறத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதுதான் கணக்கு.

அதுவும் போதவில்லை. சில இடங்களில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி விலகி ஓடியது. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு அதே கையால் விமானத்தைத் தூக்கினால் எப்படி ஒட்டும்? சோப்புத் தூள் போட்டுக் கழுவி, நிழலில் காய வைத்து, பிறகு உடம்பைத் தொடாமல், விசிறி மாட்டுகிற ஓட்டையில் குச்சியைச் சொருகிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பூச்சு எப்போதுமே அசிங்கமாக இருக்கும். கீழே இருக்கிற சாம்பல் திட்டுத் திட்டாகத் தெரியும். தேமல் வந்த மாதிரி. அப்போது கை சும்மா இருக்காது, இன்னொரு தடவை இழுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். இழுத்தால் அடியில் இருப்பதும் பெயர்ந்துகொண்டு வரும். கையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு. அதற்கு மறுநாள் இன்னொன்று. என் வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

காயும்போது தூசு விழக் கூடாது என்று அம்மாவின் சோற்றுக் குண்டானைக் கவிழ்த்து மூடி வைத்தேன். மறுநாள் சோற்றில் டர்பன்டைன் வாசனை. அப்பா முதல் கவளத்திலேயே நிமிர்ந்து பார்த்தார். அம்மா அகப்பையோடு என்னைக் கொட்டகையைச் சுற்றித் துரத்தினாள். இரண்டு அடி விழுந்தது. ஆனால் அதற்கு அடுத்த நாள், அடியில் ஓட்டை விழுந்த பழைய குண்டான் ஒன்று கொட்டகைக்குப் பின்னால் நான் உட்கார்ந்து பெயிண்ட் அடிக்கிற பாறை மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதை யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"படத்துல பச்சயா கீதே, நீ இன்னாடி நீலம் அடிக்கிற?" என்று அப்பா கேட்டார்.

"படத்துல இருக்கறது அவங்க ப்ளேன். இது நம்மளுது."

நீலம் முழு உடம்புக்கும். இறக்கை நுனிகளுக்கும் மூக்குக்கும் சிவப்பு. உள்ளே கண்ணாடிக்குக் கீழே ஓட்டுகிற ஆள் ஒருவர் இருந்தார், நெல்லைவிடக் கொஞ்சம் பெரியவர். அவருக்கு நெற்றியில் துடைப்பக் குச்சி நுனியால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். அத்தோடு அவர் பெண்ணாகிவிட்டாள். எல்லாம் காய்ந்ததும் நூல் கட்டி, வீட்டு வாசல் தாண்டி உள்ளே வந்ததும் தலைக்கு மேல் தெரிகிற மாதிரி விட்டத்தில் தொங்கவிட்டேன். காற்று வந்தால் தானாகத் திரும்பும். நீலத்துக்கு அடியில் அந்தக் கோடுகள் ஒன்று விடாமல் தெரிந்தன.

கோடை விடுமுறையில் மாமா காரோடு வந்தார். கார் அவருடையது இல்லை. பின் சீட்டில் அந்த வீட்டு அம்மாவும் அவர் பையனும். அருவி பார்க்க வந்தார்கள். வெயில் காலத்தில் அருவியில் தண்ணீர் இருக்காது என்று மாமா சொல்லிப் பார்த்திருக்கிறார். இல்லாத தண்ணீரைப் பார்த்துவிட்டு, மலைத் தேனும் பலாப்பழமும் வாங்கிப் போகலாம் என்று எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். ரோடு முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். மாமா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், எங்கள் ஊரில் நான் பார்த்திராத ஒரு நடை நடந்து முன்னால் வந்தார்.

அம்மா ஓடி ஓடிக் காப்பி போட்டாள். பலாச்சுளை எடுத்து வைத்தாள். அந்த அம்மா நல்லவராகத்தான் தெரிந்தார். சுளையை ஒரு முகச் சுளிப்பும் இல்லாமல் கையில் எடுத்துச் சாப்பிட்டார், வீடு சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார். பையனுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம் இருக்கும். காலில் ஷூ. உள்ளே வந்தவன் உட்காரவே இல்லை. அண்ணாந்தபடி நின்றுவிட்டான்.

பிறகு கையை நீட்டி விமானத்தை மெதுவாகப் பிடித்துத் திருப்பினான். இறக்கையின் மேல் விரலை வைத்தான். அதைச் சாய்த்து, எம்பிக் கண்ணாடிக்குள் பார்த்தான்.

"பைலட் லேடியா?" என்றான்.

என்னைத் தவிர வேறு யாருடைய கண்ணுக்கும் அதுவரை அந்தப் பொட்டு தட்டுப்பட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பிரஷ் தடமே இல்ல" என்றான் அவன். "நான் வேற ஒண்ணுக்கு அடிச்சப்ப திப்பி திப்பியா வந்துது." அப்புறம் அவன் முகம் மாறியது. அவனுடைய அம்மா பக்கம் திரும்பினான். "மம்மி, இது என்னோட ப்ளேன். என் பர்த்டேக்கு வந்தது. நான்தான் ஒட்டினேன்."

"ஆமாம்ல!" என்றார் அந்த அம்மா, பழைய ஆளைக் கண்டுகொண்டது போல. "சூப்பரா பண்ணியிருக்காளே பொண்ணு. டிரைவர், அதை அவுத்துக் குடுங்க. இவன் ஆசைப்படறான். அந்தப் பொண்ணுக்குப் பெரிய பொம்மையா ஒண்ணு வாங்கி உங்ககிட்டயே குடுத்தனுப்பறேன்."

மாமாவுக்கு அங்கே டிரைவர் என்றுதான் பெயர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு உங்கள கேட்டுட்டுத்தான் எடுத்தாந்தேன் மேடம்" என்றார் மாமா, சிரித்த முகமாக.

"ஆமா, அன்னிக்கு வேணாம்னு இருந்தான். இன்னிக்கு வேணும்கிறான். கொழந்தைங்கதானே?"

மாமா நூலை அவிழ்க்கக் கையைத் தூக்கினார். நான் அதற்குள் மணைப்பலகை மேல் ஏறி, நூலை அறுத்து, விமானத்தை மார்போடு வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன்.

"தர மாட்டேன்."

வயலிலிருந்து அப்போதுதான் வந்த அப்பா வாசலிலேயே நின்றார். விஷயம் அவருக்குச் சொல்லப்பட்டது. "குடுத்துடு பாப்பா" என்றார். "அவங்க பொருள் அவங்ககிட்ட போவட்டும்."

"மாமா தம்பிக்குக் குடுத்தாரு. தம்பி எனக்குக் குடுத்தான்."

"நான் ஒண்ணும் குடுக்கல" என்றான் தம்பி, பலாச்சுளையை மென்றுகொண்டே. "நீயாத்தான் எடுத்துக்கினே."

என் கட்சி அத்தோடு விழுந்தது. மாமா பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் நெற்றியில் வேர்வை. "தாயி, மாமா சொன்னா கேப்பியா மாட்டியா? இத வுட நல்லதா நான் வாங்கியாறேன். குடு" என்றார். கையை நீட்டினார். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். அவர் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் சுரண்டியதும் கழுவியதும் காத்திருந்ததும் யாருக்குமே கணக்கில் இல்லை. ஆசைப்படுகிறான் என்று அவன் அம்மா சொன்னதும் எல்லாரும் அவன் பக்கம் போய்விட்டார்கள்.

"சரி" என்றேன். "பிளாஸ்டிக் அவனுது. எடுத்துக்கினு போவட்டும். பெயிண்ட் என்னோடது. அத எடுத்துட்டுத் தரேன்."

அந்த அம்மா சிரித்தார். "பெயிண்ட்ட எப்படிம்மா எடுப்பே?"

நான் கொட்டகைக்கு ஓடினேன். பெட்ரோல் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அம்மா புளி கரைக்கிற அலுமினியக் கிண்ணத்தை நடு வீட்டில் வைத்து பெட்ரோலை ஊற்றினேன். வாசனை குப்பென்று எழுந்தது. விமானத்தைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி பண்ற?" என்றார் அப்பா.

அந்தப் பையனுக்குத்தான் முதலில் புரிந்தது. "போடாத!" என்று கத்தினான். "பெட்ரோல்ல போட்டா மொத்தமா போயிடும்!"

"தெரியும்."

"தெரிஞ்சே போடறியா? உனக்கும் இல்லாம போயிடுமே!"

"என்னுத நான் எடுத்துக்குறேன். உன்னுது மிச்சம் இருந்தா நீ எடுத்துக்கோ."

சும்மா பயம் காட்டவில்லை. போடத்தான் நினைத்தேன். அந்தக் கோடுகளெல்லாம் இளகிக் கூழாவது கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது, அப்படியும் போடத்தான் நினைத்தேன்.

அந்த அம்மா எழுந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு போயிருந்தது. "என்ன பொண்ணு இது? பெட்ரோலை எடுத்துக்கிட்டு வர்றா. நீங்கள்லாம் பாத்துக்கிட்டு நிக்கறீங்க. டிரைவர், உங்க வீட்ல பொண்ணுங்களை இப்படித்தான் வளப்பீங்களா?"

மாமா தரையைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். எல்லாருடைய கண்ணும் அடுப்புப் பக்கம் போயிற்று. அங்கே அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அகப்பை அவள் கையில்தான் இருந்தது. விழப்போகிற அடிக்கு நான் முதுகை இறுக்கிக்கொண்டேன்.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"அடுப்பு எரியுது, தெரீல? அந்தாண்ட எடுத்துக்கினு போய், வெளிய வெச்சிப் பண்ணு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே பையன் ஓடி வந்தான். அழுகிற மாதிரி இருந்தான். "வேணாம். எனக்கு வேணாம். நீயே வெச்சுக்கோ" என்றான். பிறகு உள்ளே திரும்பி, "மம்மி, எனக்கு வேணாம். போலாம்" என்றான்.

அவர்கள் கிளம்பினார்கள். காப்பி ஆறிக் கிடந்தது. தேன் பாட்டிலை அப்பா கொண்டுபோய்க் காரில் வைத்தார். நான் விமானத்தைப் பிடித்தபடியே ரோடு முடிகிற இடம் வரை போனேன், அவர்கள் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்று. கார் நகரும்போது பையன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"என்ன கலந்தே? எப்படி அவ்ளோ ஸ்மூத்தா வந்துது?"

கார் நின்றது. ஏன் நின்றது என்று நான் யோசிக்கவில்லை. கோழி குறுக்கே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"டர்பன்டாயில்" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. "வடிகட்டணும். மோரு மாதிரி கலக்கணும். கையில எண்ணெ இருக்கக் கூடாது. ஒரு வாட்டி அடிச்சிட்டு அன்னிக்கு மறுபடியும் தொடக் கூடாது. அசிங்கமாத்தான் இருக்கும். அப்பவும் தொடக் கூடாது."

அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். "போலாம் டிரைவர்" என்று உள்ளேயிருந்து ஒரு தடவை கேட்டது. இன்னொரு தடவையும் கேட்டது. நான் சொல்லி முடித்த பிறகுதான் கார் நகர்ந்தது.

அன்று சாயங்காலம் விமானம் மறுபடி விட்டத்தில் ஏறிற்று. இந்த முறை நூலைக் கட்டியது அப்பா. "உன்னோட ஒருத்தனும் வழக்குக்கு நிக்க முடியாதுடி" என்றார். அது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. நான் பாராட்டாகவே வைத்துக்கொண்டேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு நாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அன்று மலை இறங்குகிற வழியில் அந்த அம்மா என்னைப் பற்றியும் எங்கள் ஜனத்தைப் பற்றியும் ஏதோ ஒரு சொல் சொல்லியிருக்கிறார். மாமா காரை ஓரம் கட்டி, இறங்கி, பின் கதவைத் திறந்து நின்றுகொண்டு, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. மாமா அவர்களைப் பத்திரமாகச் சென்னை கொண்டுபோய்ச் சேர்த்து, காரைத் துடைத்து நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டார். அந்தச் சொல் என்ன என்று அம்மாவும் சொல்லவில்லை, மாமாவும் இன்றுவரை சொல்லவில்லை.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர்கள் வந்துபோன சூட்டோடு மாமா மறுபடியும் ஜீப்பிலிருந்து இறங்கினார் என்பதுதான். இந்த முறை பை இல்லை, ஒரு தகரப் பெட்டியும் பாயும் தலையணையும். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் மேல் கோபமாக இருப்பார் என்று பயந்திருந்தேன். அவர் கோபமாக இல்லை. நேராக வீட்டுக்குள் வந்து அண்ணாந்து விமானத்தைப் பார்த்தார். விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது சுற்றியது.

"எவ்ளோ நாளு மாமா லீவு?" என்று கேட்டேன்.

"நெறய நாளு" என்றார்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஊர் முழுக்க ஓடிப்போய், எங்கள் மாமாவுக்கு யாருக்கும் கொடுக்காத பெரிய லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். திரும்பி வந்தபோது அம்மா அவருக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள், அன்று திருவிழாவும் இல்லை ஒன்றும் இல்லை. என்னைத் தனியாக இழுத்து, "அவன் கிட்ட எதுவும் கேக்காத, தெரிதா?" என்றாள். சரி என்றேன். எனக்கு வேறு விமானம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கக் கூடாது என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.